முடித்துவைத்த புகாரும் முடியாத வேலையும்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மத்தூரும் போச்சம்பள்ளியும் ஒரே வட்டாரம். மாந்தோப்புகளும் மானாவாரி நிலங்களுமாக அறியப்பட்டிருந்த இந்தப் பகுதியில் தொழிற்சாலை அமைக்க 2020 டிசம்பரில் ஓலா எலெக்ட்ரிக் நிறுவனம் தமிழக அரசுடன் 2,400 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று அதன் மின் ஸ்கூட்டர் அறிமுகமானது. 2024 ஆகஸ்டில் பங்குச் சந்தைக்கும் போன அந்த நிறுவனத்துக்கு, அதே ஆண்டு அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. 2023 செப்டம்பர் முதல் 2024 ஆகஸ்ட் வரை தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு வந்திருந்த 10,644 புகார்களே நோட்டீஸின் அடிப்படை. அவற்றில் 99.1 சதவீதம் தீர்க்கப்பட்டுவிட்டதாக நிறுவனம் பங்குச் சந்தைகளுக்குத் தெரிவித்தது. ஆணையம் அத்துடன் கோப்பை மூடவில்லை. மேற்கொண்டு விசாரிக்கும்படி இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தலைமை இயக்குநருக்கு உத்தரவிட்டது. இரு தரப்பும் எடுத்துப் பேசியது ஒரே புகார்களைத்தான். ஒரு புகார் எப்போது தீர்ந்ததாகக் கொள்வது என்பதில்தான் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை.

இந்த இடைவெளிக்குள்தான் இன்று ஒரு பெருந்தொழில் இயங்குகிறது. இணையத்தில் ஒரு பிராண்டின் பெயரைக் காப்பது, கெட்டால் மீட்பது, முடிந்தால் கூட்டுவது என்பதற்கென்றே ஏஜென்சிகள், மென்பொருள்கள், மாதாந்தர ரிப்போர்ட்டுகள் வந்துவிட்டன. அவற்றோடு ஒரு சொற்கட்டும் வந்திருக்கிறது: ரேட்டிங், சென்டிமென்ட், பரிந்துரை மதிப்பெண், பதில் நேரம், தீர்வு விகிதம், நெருக்கடி மேலாண்மை, தேடலில் அமுக்குதல். கூட்டத்தில் ஒரு சொல் எதை அளக்கிறதோ அதற்குத்தான் ஆளும் பணமும் ஒதுக்கப்படும் என்பதால், இவற்றை வெறும் அலுவலக வழக்கு என்று தள்ளிவிட முடியாது. இச்சொற்களில் சில, வாடிக்கையாளரின் குறையைத் தொழிற்சாலைத் தளத்துக்கும் சர்வீஸ் சென்டருக்கும் திருப்பிக் கொண்டுபோகின்றன. பல, குறையைத் திரையிலேயே நிறுத்தி, பேச்சை மட்டும் சரிசெய்யத் தூண்டுகின்றன. ஒவ்வொன்றையும் இந்த உரைகல்லில் தேய்த்துப் பார்க்கலாம்.

முதலில் கேட்டல். எக்ஸ், இன்ஸ்டாகிராம், யூடியூப், கூகுள் வரைபடம் ஆகியவற்றில் பிராண்டின் பெயர் வரும் இடங்களையெல்லாம் மென்பொருள் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் சாதகம், பாதகம், நடுநிலை என்று முத்திரை குத்தும். இதைத்தான் சென்டிமென்ட் என்கிறார்கள். ஓசூர், கிருஷ்ணகிரி போன்ற எல்லைப் பகுதியில் இந்த முத்திரை எவ்வளவு நம்பகமானது? இங்கே ஒரே கடையின் பக்கத்தில் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் எழுதுகிறார்கள். மூன்றையும் ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள். இடையில் இந்தியும் கலக்கும். ‘சூப்பர் சர்வீஸ் சார், மூணு மாசமா வண்டி உங்க செட்டுலயேதான் பத்திரமா நிக்குது’ என்று ஒருவர் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். படிப்பவர் யாராக இருந்தாலும் அதிலுள்ள குத்தல் புரிந்துவிடும். சூப்பரையும் பத்திரத்தையும் எண்ணும் கருவியோ அதைச் சாதகக் கணக்கில் சேர்த்துவிடக்கூடும். கருவிகள் தேறிவருகின்றன என்பது உண்மைதான். ஆனால் துல்லியமாகவே எண்ணினாலும், அந்த வரியில் நிறுவனத்துக்கு வேண்டிய செய்தி எழுதியவரின் மனநிலை அல்ல, வண்டி 3 மாதம் நின்றது என்பதுதான். எந்தச் செட்டில், எந்தப் பாகத்துக்காக நின்றது என்று தேடிப் போகாத சென்டிமென்ட் ரிப்போர்ட், குறையைக் கேட்டுவிட்டுக் குரலை மட்டும் பதிவு செய்கிறது.

அடுத்தது ரேட்டிங். இதன் பண மதிப்புக்கு நல்ல ஆதாரம் உண்டு. ஹார்வர்ட் வணிகப் பள்ளியின் மைக்கேல் லூகா, அமெரிக்காவின் சியாட்டில் நகர உணவகங்களை எடுத்துக்கொண்டு யெல்ப் தளத்து நட்சத்திரங்களை வருமானத்தோடு ஒப்பிட்டார். ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் வரை கூடியது. அதிகம் பேசப்படாத இன்னொரு முடிவும் அந்த ஆய்வில் உண்டு: இந்த விளைவு தனிக் கடைகளில்தான் தென்பட்டது, ஊருக்கு ஊர் கிளை வைத்த சங்கிலி உணவகங்களில் தென்படவில்லை. பெயர் ஏற்கெனவே தெரிந்த இடத்தில் நட்சத்திரத்துக்கு வேலை குறைவு. பெயர் தெரியாத இடத்தில்தான் அது பேசுகிறது. பெங்களூரு நெடுஞ்சாலையில் சாப்பிட இடம் தேடுகிறவர் கிருஷ்ணகிரியில் எங்கே நிறுத்துவது என்று போனில் பார்க்கும்போது, தனிக்கடைக்காரருக்கு அந்த நட்சத்திரம் அன்றைய கல்லாவையே தீர்மானிக்கலாம். ஆகவே பொய் ரிவ்யூவால் அதிகம் அடிபடுவதும், பொய் ரிவ்யூ வாங்கும் ஆசைக்கு அதிகம் ஆட்படுவதும் சிறு கடைதான்.

இதற்குச் சட்டங்கள் மெல்ல வேலி கட்டிவருகின்றன. விற்பவரே வாடிக்கையாளர் வேடமிட்டு ரிவ்யூ எழுதக்கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. 2022 நவம்பரில் தர நிர்ணய அமைவனம் ஐஎஸ் 19000 என்ற தரநிலையை வெளியிட்டது. ரிவ்யூ எழுதியவரைச் சரிபார்ப்பது, வந்ததைத் திருத்தாமல் வெளியிடுவது ஆகியவற்றுக்கு அது நெறி வகுக்கிறது. ஆனால் அது கட்டாயம் அல்ல, விரும்பினால் ஏற்கலாம். அமெரிக்காவில் 2024 அக்டோபர் 21 முதல் நடைமுறைக்கு வந்த விதி, பொய் ரிவ்யூக்களை விற்பதையும் வாங்குவதையும் தண்டனைக்குரியதாக்கியதோடு, மிரட்டி எதிர்மறை ரிவ்யூவை எடுக்கவைப்பதையும் அதில் சேர்த்தது. இவை எதிலும் எளிதில் பிடிபடாத தந்திரம் ஒன்று உண்டு. மகிழ்ச்சியோடு போகிறவருக்கு மட்டும் ரிவ்யூ லிங்க்கை அனுப்புவது, முகம் சுளித்தவருக்கு ‘எங்களிடமே சொல்லுங்கள்’ என்று தனி எண்ணைக் கொடுப்பது. கூகுளின் விதிப்படி இது தவறு. இங்கே பொய்யே இல்லை, எழுதியவர்கள் எல்லோரும் உண்மையான வாடிக்கையாளர்கள். ஆனாலும் கிடைக்கும் படம் பொய்யானது.

பரிந்துரை மதிப்பெண்ணிலும் இதே நோய். ‘எங்களை நண்பருக்குப் பரிந்துரைப்பீர்களா, 0 முதல் 10க்குள் சொல்லுங்கள்’ என்ற கேள்வியை ஃபிரெட் ரைக்கெல்ட் 2003 டிசம்பரில் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் முன்வைத்தார். 9, 10 தருபவர்கள் ஆதரவாளர்கள். 6 வரை தருபவர்கள் அதிருப்தியாளர்கள். முன்னவரின் சதவீதத்திலிருந்து பின்னவரின் சதவீதத்தைக் கழித்தால் மதிப்பெண். ஒரே கேள்வி, ஒரே எண் என்பதால் உலகெங்கும் பரவியது. வண்டியை சர்வீஸுக்கு விட்டு எடுத்தவர்கள் பலருக்கும் அடுத்து என்ன நடக்கும் என்று தெரியும். ‘கம்பெனியிலிருந்து போன் வரும் சார், பத்துக்குப் பத்து குடுத்துடுங்க, ஒன்பது போட்டாகூட எங்களுக்குப் பிரச்சினை’ என்பார் சர்வீஸ் அட்வைசர். பிரேக் சத்தம் போகாதவரும் அந்த இளைஞரின் சம்பளத்தை நினைத்து 10 சொல்லிவிடுவார். ஓர் அளவை இலக்காக மாறியதும் அளவையாக இருக்கும் தகுதியை இழக்கிறது என்று பிரிட்டிஷ் பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட்டின் பெயரால் வழங்கும் விதிக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை.

இனி விவகாரத்தின் மையமான சொற்கள்: பதில் நேரமும் தீர்வு விகிதமும். மின்வணிக விதிகள் இரண்டையும் பிரித்தே வைத்திருக்கின்றன. புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஒப்புக்கொள்வது எழுத்து வேலை. தீர்ப்பது கை வேலை. அதற்கு மெக்கானிக் வேண்டும், ஸ்பேர் பார்ட்ஸ் வேண்டும், ஒரு சர்வீஸ் பே காலியாக இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே கணினியில் டிக்கெட்டாகப் பதிவு செய்யும்போது எழுத்து வேலை கை வேலையின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பாகம் வரவில்லை என்று தகவல் சொன்னாலே டிக்கெட் குளோஸ் ஆகலாம். போனை எடுக்காத வாடிக்கையாளரின் டிக்கெட்டும் குளோஸ் ஆகலாம். மறுநாள் அவரே அதே குறைக்காகக் கூப்பிட்டால் அது புது எண்ணில் புதுப் புகார். வண்டி நின்ற இடத்திலேயே நிற்க, தீர்வு விகிதம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். எந்த நிறுவனமும் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் இது நடக்கும்.

ஓலா புகார்களின் வகைப்பாட்டை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். 10,644இல் சர்வீஸ் தாமதம் பற்றியவை 3,389. வண்டி ஒப்படைப்பில் தாமதம் 1,899. உறுதியளித்த சேவை கிடைக்காதவை 1,459. மூன்றும் சேர்ந்தால் மொத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. இவற்றில் எதுவும் பேச்சுக் குறை அல்ல. விற்பனை போன வேகத்தில் பட்டறையும் பாகக் கிடங்கும் போகாததால் வந்த கொள்ளளவுக் குறை. நிறுவனமும் இதை உணராமலில்லை. சர்வீஸ் வசதியை வேகமாக விரிப்பதாக அறிவித்தது, 2024 டிசம்பருக்குள் கடைகளின் எண்ணிக்கையை 4,000 ஆக்கியது. நோய்க்கு ஏற்ற மருந்து அந்தத் திசையில்தான் இருந்தது. பெயரைக் கெடுத்ததாகப் பேசப்பட்ட எக்ஸ் பதிவுகள், அந்த மருந்து எவ்வளவு தாமதம் என்பதை எல்லோரும் பார்க்கும்படி காட்டின, அவ்வளவே.

அந்தப் பதிவுகளின் கதையிலிருந்துதான் நெருக்கடி மேலாண்மை என்ற சொல்லுக்கு வர வேண்டும். 2024 அக்டோபர் 6 அன்று நகைச்சுவைக் கலைஞர் குணால் கம்ரா, தூசி படிந்து வரிசையாக நிற்கும் ஸ்கூட்டர்களின் படத்தைப் போட்டு, நுகர்வோருக்குக் குரல் இருக்கிறதா என்று கேட்டார். நிறுவனர் பவிஷ் அகர்வால், அது காசு வாங்கிப் போட்ட பதிவு என்றும் கம்ராவின் தொழில் தோற்றுப்போனது என்றும் பதிலடி கொடுத்தார். மறுநாள் பங்கு விலை சுமார் 8 சதவீதம் இறங்கியது. சந்தையே சரிந்த நாள் அது என்றாலும் இந்தச் சரிவு அதைவிடப் பெரிது. நிறுவனர் வாயை அடக்கியிருந்தால் போதும் என்பதுதான் இதிலிருந்து வழக்கமாக எடுக்கப்படும் பாடம். அது அரைப் பாடம். 2022 ஏப்ரலில் ஆம்பூரில் ஒருவர் தன் ஓலா ஸ்கூட்டரையே பெட்ரோல் ஊற்றிக் கொளுத்திய காட்சி நாடெங்கும் பரவியது. அதே மாதம் நிறுவனம் 1,441 வண்டிகளைப் பரிசோதனைக்காகத் திரும்பப் பெற்றது. 2024 செப்டம்பரில் கர்நாடகத்தின் கலபுரகியில் அதிருப்தியுற்ற வாடிக்கையாளர் ஒருவர் ஷோரூமுக்கே தீ வைத்தார். அந்தக் குற்றத்தை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் இரண்டரை ஆண்டுகளாக இத்தனை அடையாளங்கள் தெரிந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை எக்ஸில் நடந்த சண்டையை நெருக்கடியின் தொடக்கம் என்பது, தேதியையே மாற்றி எழுதுவதாகும்.

எதிர்க்குரலை அமுக்கப்போய் அதையே பெருக்கிவிடுவதற்குத் துறையில் ஸ்ட்ரைசாண்ட் விளைவு என்று பெயர். பாடகி பார்பரா ஸ்ட்ரைசாண்ட் 2003இல், கடற்கரைப் படங்களுக்கிடையே தன் வீட்டின் படமும் இருப்பதை எதிர்த்து 5 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். வழக்குக்கு முன் 6 முறை மட்டுமே பதிவிறக்கப்பட்டிருந்த படத்தை அடுத்த ஒரு மாதத்தில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தேடிவந்து பார்த்தார்கள். நம் நாட்டில் 2023 ஏப்ரலில் இதே கதை நடந்தது. போர்ன்விட்டா பானத்தின் சர்க்கரை அளவைப் பற்றி ரேவந்த் ஹிமத்சிங்கா என்பவர் வெளியிட்ட வீடியோவுக்கு, அதைத் தயாரிக்கும் நிறுவனத்திடமிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது. அவர் மன்னிப்புக் கேட்டு வீடியோவை எடுத்துவிட்டார். வீடியோவோ அதன் பிறகு இன்னும் வேகமாக வீடு வீடாகப் போனது. குழந்தைகள் உரிமைப் பாதுகாப்புக்கான தேசிய ஆணையம் விளக்கம் கேட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் பானத்தில் சேர்க்கும் சர்க்கரையை நிறுவனம் சுமார் 14 சதவீதம் குறைத்தது. நோட்டீஸ் பேச்சைத்தான் தொட்டது. கடைசியில் மாற வேண்டியிருந்தது டப்பாவுக்குள் இருந்த கலவை.

தேடலில் அமுக்குதல் இதன் அடக்கமான வடிவம். பழைய செய்தி கூகுளின் முதல் பக்கத்தில் வராதபடி புதிய பக்கங்களை ஏராளமாக ஏற்றி, அதை இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளுவது. இதை நியாயப்படுத்த ‘மறக்கப்படும் உரிமை’யைத் துணைக்கு அழைப்பவர்கள் உண்டு. 2014இல் ஐரோப்பிய நீதிமன்றம் அங்கீகரித்த அந்த உரிமை தனிமனிதருக்கானது. வழக்கில் விடுதலையானவரின் பெயரைத் தீர்ப்பிலிருந்து மறைக்கும்படி 2024 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதும் தனிமனிதரின் கண்ணியத்தைக் கருதித்தான். பொருள் விற்கும் நிறுவனத்துக்கு அப்படியொரு மறதியைக் கோர நியாயமில்லை. அதன் பழைய குறைதான் அடுத்து வாங்க வருபவருக்குத் தேவையான தகவல்.

இவ்வளவுக்கும் மறுப்புகள் உண்டு, அவை லேசானவை அல்ல. இணையத்தில் எழும் கோபமெல்லாம் வாடிக்கையாளரின் கோபமா என்பது முதல் கேள்வி. ஓசூரில் தொழிற்சாலை வைத்து வளர்ந்த டைட்டனே இதற்குச் சான்று. அதன் தனிஷ்க் நகை பிராண்ட் 2020 அக்டோபரில், முஸ்லிம் குடும்பத்துக்கு மருமகளாக வந்த இந்துப் பெண்ணுக்கு வளைகாப்பு நடப்பதாக ஒரு விளம்பரம் வெளியிட்டது. எதிர்ப்பு அலை எழுந்ததும் திரும்பப் பெற்றது. நகையில் மாற்றுக் குறைந்ததாகவோ சேதாரம் கூடியதாகவோ யாரும் சொல்லவில்லை. அங்கே தொழிற்சாலைத் தளத்துக்குத் திருப்பிக் கொண்டுபோக எதுவும் இல்லை என்பது சரி. பெயரைக் காக்கும் கலைக்கு அங்கே நியாயமான வேலை உண்டு, ஊழியரின் பாதுகாப்பு உட்பட. ஆனால் இந்த மறுப்பு என் வாதத்தை முறிக்காமல் கூர்மையாக்குகிறது. வாங்கியவரின் குறையையும் வாங்காதவரின் கோபத்தையும் ஒரே ‘பாதகம்’ என்ற பெட்டியில் போடும் சொல்லால்தானே இரண்டுக்கும் ஒரே வைத்தியம் பார்க்கப்படுகிறது? கூட்டத்துக்குப் பணிவதும் வாடிக்கையாளரிடம் முறைப்பதும் அந்தக் குழப்பத்தின் இரு முகங்கள்.

இரண்டாவது மறுப்பு எண்ணிக்கை சார்ந்தது. 2023-24 நிதியாண்டில் ஓலா ஒப்படைத்த ஸ்கூட்டர்கள் சுமார் 3.3 லட்சம், அதனோடு ஒப்பிட்டால் பத்தாயிரம் புகார் எம்மாத்திரம் என்று கேட்கலாம். ஆனால் 1915 என்ற அரசு உதவி எண்ணுக்கு யாரும் முதல் நாளே கூப்பிடுவதில்லை. ஷோரூமுக்கு நடந்து, கஸ்டமர் கேரில் காத்திருந்து, அலுத்துப்போனவர்தான் அங்கே வருகிறார். அங்கே பதிவானது அடியில் கிடப்பதன் மேல் விளிம்பு மட்டுமே. சந்தையும் ஒரு சாட்சி சொல்கிறது. 2024 ஏப்ரலில் நாட்டில் பதிவான மின் இருசக்கர வண்டிகளில் ஏறத்தாழ பாதி ஓலாவுடையது; 2025 ஏப்ரலில் முதலிடம் ஓசூரின் டிவிஎஸ் வசம் போய்விட்டது. விலை, புது மாடல்கள், போட்டியாளர்களின் பழைய டீலர் வலைப்பின்னல் என்று காரணங்கள் பல. பட்டறைக் குறையும் அவற்றில் ஒன்று என்பதை மறுப்பது கடினம்.

மூன்றாவதாக, இந்தத் தொழில்வட்டாரத்தில் பெரும்பாலானவை பொதுமக்களுக்கு நேரடியாக எதையும் விற்காத உதிரிபாக, மின்னணு ஆலைகள்தாமே, அவற்றுக்கு இணையத்தில் என்ன பெயர் என்று கேட்கலாம். ஸ்ரீபெரும்புதூரில் 2021 டிசம்பரில் நடந்தது இதற்குப் பதில். ஆப்பிளுக்கு உற்பத்தி செய்து தரும் பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கிய விடுதியில் உணவு நஞ்சானது. சிலர் இறந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. ஆயிரக்கணக்கானோர் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். மரணச் செய்தி பொய். உணவும் விடுதியின் நிலையும் பொய்யல்ல. சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் தரத்துக்கு ஏற்ப இல்லை என்று ஆப்பிளே ஒப்புக்கொண்டு அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. வதந்தியை மறுக்க ஓர் அறிக்கை போதும். அது ஏன் அவ்வளவு எளிதாக நம்பப்பட்டது என்பதற்கான விடை விடுதிச் சமையலறையில் இருந்தது. ஓசூர்ப் பக்கம் ஆயிரமாயிரம் இளம்பெண்களை விடுதிகளில் வைத்து ஆலை நடத்துகிறவர்கள் இதைத் தங்களுக்கான பாடமாகவே எடுத்துக்கொள்ளலாம்.

ஆகவே சொற்களைத் தூக்கியெறிய வேண்டியதில்லை; அவை அளக்கும் இடத்தை மாற்ற வேண்டும். பதில் நேரத்துக்குப் பக்கத்தில் பாகத்துக்காக வண்டி காத்திருந்த நாட்களும், தீர்வு விகிதத்துக்குப் பக்கத்தில் அதே குறைக்காகத் திரும்பி வந்த வண்டிகளும் எழுதப்பட வேண்டும். டிக்கெட்டைக் குளோஸ் செய்யும் அதிகாரம் வாடிக்கையாளரின் கையில் இருக்க வேண்டும். இதற்குப் புதுச் சட்டம்கூடத் தேவைப்படாது. பங்குச் சந்தையில் உள்ள முதல் 1,000 நிறுவனங்கள் செபி விதிப்படி ஆண்டுதோறும் தரும் பொறுப்பு அறிக்கையில், அந்த ஆண்டு வந்த நுகர்வோர் புகார்களையும் ஆண்டு முடிவில் நிலுவையில் இருப்பவற்றையும் ஏற்கெனவே காட்டியாக வேண்டும். அந்த அட்டவணையில் ‘முடித்த பின் மீண்டும் வந்தவை’ என்று ஒரு பத்தி கூடினால், 99.1 போன்ற எண்ணைச் சொல்லும் நிறுவனம் அடுத்த பத்தியையும் நிரப்பியாக வேண்டும். அதை நிரப்பத் தயங்காத நிறுவனத்துக்குப் பெயரைக் காக்கத் தனி ஏஜென்சி பெரிதாகத் தேவைப்படாது. தயங்குகிற நிறுவனத்தை எந்த ஏஜென்சியாலும் நெடுநாள் காப்பாற்ற முடியாது.